கல்வெட்டில் நேவியைப் போடலாமா?

வணக்கம் ஐயா,

முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். போன மாதம் எங்கள் அப்பப்பா காலமாகிவிட்டார். 93 வயது. படுக்கையில் கிடக்கவில்லை, முதல்நாள் பின்னேரம்கூட மாட்டுக்குத் தண்ணீர் வைத்தவர். அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கிறோம். கொஞ்சம் படித்தவள் என்பதால் வாழ்க்கை வரலாறு எழுதும் வேலையை என் தலையில் போட்டுவிட்டார்கள்.

அப்பப்பா 1931 இல் காரைநகரில் பிறந்தவர். 1951 இல் நேவியில் சேர்ந்து, 1973 இல் பென்சனோடு விலகி, முத்தையன்கட்டில் காணி எடுத்து வன்னிக்கு வந்தவர். நேவியில் என்ன வேலை என்று கேட்டால் "எஞ்சின் றூம்" என்பார், அவ்வளவுதான். விஜய என்ற கப்பலில் நின்றது தெரியும். மற்றபடி நான் அவரைத் தோட்டக்காரராகவும் ஊராரின் தண்ணீர் இறைக்கிற வோட்டர் பம் திருத்துகிறவராகவும்தான் பார்த்திருக்கிறேன். காது மந்தம், அதனால் கத்தித்தான் கதைப்பார். 2009 இல் எங்களோடு மாத்தளன், முள்ளிவாய்க்கால் எல்லாம் நடந்து, மெனிக்பாம் அகதி முகாமில் இருந்துவிட்டு, திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு பசு வாங்கினார். மாத்தளனில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடியப்புறம் எழும்பிக் காற்றைப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் செஞ்சிலுவைக் கப்பல் வரும் அல்லது வராது என்று சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பிரச்சினை இதுதான். காரைநகரில் அவருடைய தங்கை வீட்டில் அவர் நேவி உடுப்போடு நிற்கிற படம் ஒன்று கிடைத்திருக்கிறது. கனடாவில் இருக்கிற மாமி, அப்பப்பாவின் மகள், அதைத்தான் அட்டையில் போட வேண்டும், கீழே "கடலன்னையின் வீரமைந்தன்" என்று எழுத வேண்டும் என்கிறார். இங்கே சித்தப்பா நேவி என்ற பேச்சே புத்தகத்தில் வரக்கூடாது என்கிறார். "அரச உத்தியோகத்தர் எண்டு போடு, காணும்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவின் மூத்த மகன், எனக்கு அண்ணா, 2007 இல் கடலில் போனவர். அதற்குப் பிறகு அப்பப்பா கப்பல் கதை எதுவும் சொன்னதில்லை.

நான் என்ன செய்யட்டும்? நேவியைப் போடுவதா, விடுவதா? 93 வருடத்தை நாலு பக்கத்தில் எழுதுவது எப்படி?

---

அன்புள்ள பிள்ளைக்கு,

போடுங்கள். அட்டையில் வேண்டாம், உள்ளே போடுங்கள். கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான், அச்சுக்காரர் அவசரப்படுத்துகிறார் என்றால் இதோடு நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கலாம். நேரம் இருந்தால் மிச்சத்தையும் வாசியுங்கள்.

முதலில் சித்தப்பா. அவரோடு வாதாடப் போகாதீர்கள். "அது வேற நேவி, அப்பப்பா இருந்தது அந்தக் காலத்து நேவி" என்று நீங்கள் சொன்னால் அது உண்மைதான். ஆனால் மகனைக் கடலில் பறிகொடுத்த தகப்பனுக்கு அந்த உண்மையால் ஒரு பிரயோசனமும் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் யாரைக் கேட்டாலும், நேவி என்றதும் பாஸ் எடுத்துத் தொழிலுக்குப் போனதும், போன படகு திரும்புமா என்று கரையில் நின்று பார்த்ததும், 2009 இல் கடல் பக்கமும் அடைபட்டு நின்றதும்தான் ஞாபகத்துக்கு வரும். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் வட்டுவாகலில் கடற்படை முகாமுக்குள் போன காணிகளுக்காகச் சனம் றோட்டில் நிற்கிறது, 2017 இல் அளக்க வந்தவர்களை மறித்துத் திருப்பி அனுப்பியது. இந்த ஊரில், இந்த வீட்டில், ஒரு கல்வெட்டின் அட்டையில் நேவி உடுப்போடு ஒரு படம் வந்தால் அதை வாங்குகிற முதல் ஆளின் முகம் எப்படி மாறும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது, அவர் தூரத்தில் இருக்கிறார், அவருக்கு அது தகப்பனின் வடிவான ஒரு படம் மட்டும்தான். இரண்டு பேரும் பிழையில்லை.

ஆனாலும் "அரச உத்தியோகத்தர்" என்று போட்டு மூடிவிட முடியாது. வாசிக்கிறவர்கள் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளாக்கர் என்று நினைத்துக்கொள்வார்கள். கிளாக்கருக்கு வோட்டர் பம் எங்கிருந்து வந்தது? இருபது வயதிலிருந்து நாற்பத்திரண்டு வயது வரை ஒரு மனிதன் எங்கே நின்றான் என்று சொல்லாமல் அவனுடைய வாழ்க்கை வரலாறு எழுதினால், அதற்குப் பிறகு வருகிற எதுவும் விளங்காது. அதைவிட, ஊரில் அறுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்த விஷயத்தை எழுதாமல் விட்டால், ஏன் விட்டார்கள் என்றுதான் வாசிப்பார்கள்.

சரி, அது என்ன நேவி என்று கொஞ்சம் சொல்கிறேன், எழுதும்போது உதவும். 1950 டிசம்பர் 9 இல்தான் றோயல் சிலோன் நேவி என்று ஒன்று முறையாக உருவானது. அப்பப்பா சேர்ந்த 1951 இல் அதற்கு ஒரு வயது. நாடு சுதந்திரமடைந்துவிட்டது என்றாலும் 1955 வரை பிரிட்டிஷ் அதிகாரிகள்தான் அதற்குத் தலைமை. திருகோணமலைத் துறைமுகத்தின் கடற்படைத் தளமும் 1957 ஒக்டோபர் 15 வரை பிரிட்டிஷ்காரரின் கையில்தான் இருந்தது. அவர் நின்ற விஜய என்ற கப்பலும் புதிதல்ல, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்கண்ணி அகற்றுவதற்காகக் கனடாவில் கட்டப்பட்டு, ஃபிளையிங் ஃபிஷ் என்ற பெயரோடு ஓடிவிட்டு, 1949 இல் இலங்கைக்கு வந்தது. அதுதான் இந்த நாட்டுக் கடற்படையின் முதல் கப்பல். அப்பப்பாவின் சேவைக்காலத்தில் கிட்டத்தட்டப் பாதி, 1960 இலிருந்து 1970 வரை, கடற்படைத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். பிற்காலத்தில் வெளிநாட்டமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். இன்றைக்கு இதை ஒரு இளம்பிள்ளையிடம் சொன்னால் நம்ப மாட்டாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அந்த நேவி தன் கரைத்தளங்களுக்கு அரசர்களின் பெயர்களை வைத்தது. கொழும்புப் பக்கத்தில் இருப்பதற்கு கெமுனு என்று பெயர். காரைநகரில் இருப்பதற்கு எல்லாளன். எல்லாளனைப் போரில் கொன்றவன் கெமுனு, அந்த இரண்டு பேரையும் ஒரே படையில் சேர்த்து ஆளுக்கொரு முகாம் கொடுத்துவிட்டார்கள். இப்போதும் அதே பெயர்கள்தான்.

காரைநகர்ப் பெடியன் ஏன் நேவியில் சேர்ந்தான் என்று நீங்கள் நீளமாக விளக்கத் தேவையில்லை. கடலைப் பார்த்து வளர்ந்த ஊர், வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் கடை வைக்கவோ உத்தியோகம் பார்க்கவோ வெளியூர் போன ஊர். நிரந்தர உத்தியோகம், சாப்பாடு, உடுப்பு, கடைசியில் பென்சன். தேசபக்தி என்று மாமி எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். இருபது வயதில் உத்தியோகம் தேடுகிற ஒருவனுக்கு அதெல்லாம் பிறகுதான்.

ஆனால் அந்தக் காலத்து நேவி என்றால் எல்லாம் நல்லது என்றும் எழுதிவிடாதீர்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வடகடலில் அதற்கு இருந்த முக்கியமான வேலை, இந்தியாவிலிருந்து களவாக வருகிறவர்களைப் பிடிப்பது. 1952 இல் அதற்கென்று ஒரு நடவடிக்கை தொடங்கினார்கள், 1963 இல் அதைப் பெருப்பித்துத் தனியான ஒரு செயலணி ஆக்கினார்கள். யார் வந்தார்கள்? பிழைப்புத் தேடி வந்த தமிழ்நாட்டுச் சனம். பிடித்தது யார்? மற்றவர்களோடு சேர்ந்து தமிழ்ப் பெடியன்களும்தான். கள்ளத்தோணி என்று நாங்கள் வாய்கூசாமல் சொல்லித் திரிந்த காலம் அது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக நின்ற நேரத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக்கூட அதே பெயரால்தான் கூப்பிட்டோம். பிறகு 1958 இலும் 1977 இலும் அடிவாங்கி மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என்று எங்கள் பக்கம்தான் குடியேறினார்கள். முத்தையன்கட்டில் அப்பப்பா மிளகாய் வைத்திருந்தால், அந்தத் தோட்டத்தில் பழம் பிடுங்கியவர்களில் அவர்களும் இருந்திருக்கலாம், மாமியிடம் கேட்டுப் பாருங்கள். இருந்திருந்தால், அப்பப்பா அவர்களோடு எப்படி இருந்தார் என்றும் கேளுங்கள். நல்லபடியாக இருந்திருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கல்வெட்டில் அதை எழுத வேண்டியதில்லை, நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

1956, 1958, 1971, 1972 என்று வருடம் வருடமாக அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். அதெல்லாம் நாட்டின் வரலாறு, புத்தகங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அப்பப்பா எங்கே நின்றார் என்பது தெரிந்தால் மட்டும் ஒரு வரி போடுங்கள். தனிச்சிங்களச் சட்டம் வந்த பிறகும் ஏன் விலகவில்லை என்று யாராவது கேட்பார்கள். வெள்ளைக்காரர் திருகோணமலையை விட்டுப் போனபோது நானூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள், அவர்களை வேறிடத்தில் குடியேற்ற அரசாங்கம் யோசித்ததே 58 கலவரத்துக்கு முன்னான பதற்றத்தில் ஒரு காரணமாக இருந்தது. வேலை போனவர்களின் கதி கண்ணுக்கு முன்னால் இருக்க, வேலை இருக்கிறவன் அதை உதறிவிட்டு வருவானா? கொள்கைக்காக நின்றார், கொள்கைக்காக விலகினார் என்று எழுத எல்லோருக்கும் ஆசைதான். அநேகம் பேர் பென்சனுக்காக நின்றார்கள். 22 வருடம் என்ற கணக்கைப் பார்த்தால் அப்பப்பாவும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தப் பென்சனில்தான் நீங்களெல்லாம் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள்.

பென்சன் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் 22 வருடம் வேலை செய்து, ஐம்பது வருடத்துக்கு மேல் பென்சன் எடுத்திருக்கிறார். அரசாங்கத்துக்கு நட்டம் வைத்த ஆட்களில் அப்பப்பாவும் ஒருவர். அதுவும் எப்படி? வன்னி முழுக்கப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்திலும் கச்சேரி ஓடியது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்தது, பென்சன்காரருக்குப் பென்சன் வந்தது. நேவிக்கும் கடற்புலிகளுக்கும் கடலில் சண்டை நடந்துகொண்டிருக்க, கரையில் ஒரு கிழவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போய், தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று உயிர்ச்சான்றில் கையெழுத்து வாங்கி, நேவிப் பென்சன் எடுத்திருக்கிறார். இதை ஒரு பந்தி எழுதுங்கள். வெளியூரில் இருந்து எங்களைப் பற்றி எழுதுகிற ஒருவருக்கும் இது தெரியாது. பிரதேச செயலகத்தில் அவருடைய பென்சன் கோவை இருக்கும், சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசிப் பதவி எல்லாம் அதில் பார்க்கலாம். 2009 இல் வீட்டில் இருந்த கடதாசி எல்லாம் போயிருக்கும், அதனால் சொல்கிறேன்.

இனி எஞ்சின் றூம். நீங்கள் அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான்.

கடற்படை என்றால் நாங்கள் மேல்தட்டில் தொப்பியோடு நிற்கிறவனைத்தான் நினைப்போம். மாமி கேட்கிற வீரமைந்தனும் அவன்தான். விஜய ஒரு நீராவிக் கப்பல். கீழே கொதிகலன், அதில் எண்ணெய் எரித்து, அந்த ஆவியால் இயந்திரத்தை ஓட்டுவது. கீழே வேலை செய்கிறவனுக்குக் கடல் தெரியாது, இரும்புச் சுவரும் குழாய்களும் அளவு காட்டுகிற மணிக்கூட்டு மாதிரியான முகங்களும்தான் தெரியும். வெக்கை, எண்ணெய் மணம், நாள் முழுக்க இரைச்சல். மேலே எந்த அதிகாரி நிற்கிறான், கப்பல் எங்கே போகிறது, யாரைத் துரத்துகிறது என்பதெல்லாம் மணியடித்து வருகிற கட்டளையில் வேகம் கூட்டு, குறை என்று மட்டும்தான் கீழே வந்து சேரும். அப்பப்பா தன்னுடைய 22 வருடத்தில் கணிசமான பங்கை நீர்மட்டத்துக்குக் கீழேதான் கழித்திருப்பார்.

காது மந்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்போதிருந்து? வீட்டில் எல்லோரும் ஷெல்லடியால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மாமியிடம் கேளுங்கள், அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே தகப்பன் கத்திக் கதைப்பாரா என்று. அந்தக் காலத்தில் எஞ்சின் அறையில் காதுக்கு ஒன்றும் போடுகிற வழக்கமில்லை, வருடக்கணக்கான இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிடும். முதலில் மெல்லிய கூர்மையான சத்தங்கள் போகும், பறவைச் சத்தம், பிள்ளைகளின் குரல். மனிதன் தனக்குக் கேட்கவில்லை என்று தெரியாமல் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று நினைப்பான். கோபக்காரன் என்று பெயர் வரும். அவர் உங்களோடு கத்தியதற்குக் காரணம் விஜயவாகவும் இருக்கலாம்.

அப்புறம் வோட்டர் பம். 1973 இல் அவர் வன்னிக்கு வந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார். 1970 இலிருந்து 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள், வன்னியில் மிளகாய் செய்தவன் கல்வீடு கட்டினான். குளத்துத் தண்ணீர் போகாத மேட்டுக்காணிக்குக் கிணறும் மெஷினும் வேண்டும். பம் வாங்கக் காசிருந்தவர்களுக்கு அதைத் திருத்தத் தெரியாது. கொதிகலனும் வால்வும் பார்த்துப் பழகியவருக்குச் சின்ன மண்ணெண்ணெய் மெஷின் ஒரு விஷயமே இல்லை. 77 க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், மிளகாய் விழுந்தது, அவரும் அப்போது நெல்லுக்குப் போயிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காலம் 1990 க்குப் பிறகானது. பொருளாதாரத் தடை. 2002 இல் சமாதானம் வந்து தடை எடுபடும்வரை, பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உரமில்லை, சீமெந்து இல்லை, உதிரிப்பாகம் என்ற கதையே இல்லை. இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம், அந்த மண்ணெண்ணெய்க்கும் வரிசை. ஒரு வோஷர் போனால் பழைய ரயர் ரியூப்பை வெட்டிப் போட்டார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் முத்தையன்கட்டிலும் முள்ளியவளையிலும் எத்தனை தோட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது அப்பப்பாவின் கையால் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கைக்கு வேலை பழக்கியது எது? அதே நேவி. தடையைப் போட்ட அரசாங்கத்தின் நேவி, தடைக்காலத்தில் ஊரின் பம் இறைக்க ஒரு மனிதனைப் பழக்கி அனுப்பியிருக்கிறது. நாலு பக்கத்தில் இரண்டு பக்கத்தை இதற்குக் கொடுங்கள் என்பேன். பம் திருத்திக்கொண்டு போன ஆட்கள் அந்தியேட்டிக்கு வருவார்கள், அவர்களிடம் இப்போதே போய்க் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். காசு வாங்கினாரா, நெல்லாக வாங்கினாரா, ஏசினாரா, யாருடைய மெஷினைத் தொட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். இந்த மாதிரி.

மாத்தளன். 2009 பெப்ரவரி 10 இலிருந்து மே மாதம் வரை செஞ்சிலுவைக் குழு கப்பலில் காயக்காரரையும் நோயாளரையும் ஏற்றியது, எல்லாமாகக் கிட்டத்தட்ட 14,000 பேர், கூடப்போன உறவினரையும் சேர்த்து. கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நிற்கும், சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அதனால் காற்றும் அலையும்தான் யார் பிழைப்பது என்பதில் ஒரு பங்கைத் தீர்மானித்தன. அந்த நேரத்தில் விடியப்புறம் எழும்பி வாடையா கொண்டலா என்று பார்த்துக் கப்பல் வரும், வராது என்று சொன்ன ஒரு கிழவரைப் பற்றி நீங்கள் இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே கல்வெட்டில் போடுங்கள், ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: நேவி அனுபவத்தால் சொன்னார் என்று எழுதிவிடாதீர்கள். எஞ்சின் அறையில் இருந்தவனுக்குக் காற்றுத் தெரியாது. காற்றுப் பார்க்கிற பழக்கம் காரைநகரிலிருந்து வந்தது, சேர முன்னமே இருந்தது. அவர் சொன்னது வீட்டுக்காரருக்கு மட்டுமா, பக்கத்துப் பங்கர்களில் இருந்தவர்களும் வந்து கேட்டார்களா? காயக்காரரைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவதா, ஷெல்லடிக்குள் வீணாக வெளியே இறங்காமல் நிற்பதா என்று அவருடைய வாயைப் பார்த்து யாராவது முடிவெடுத்தார்களா? இது உங்களுக்குத்தான் தெரியும். எழுத முடிந்தால் எழுதுங்கள், முடியாவிட்டால் விடுங்கள், நான் வற்புறுத்த மாட்டேன்.

அண்ணாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரி எழுதினீர்கள். கல்வெட்டிலும் அவருக்கு ஒரு வரிதான் வரும், பேரப்பிள்ளைகள் வரிசையில், அமரர் என்ற சொல்லோடு. அந்த வரி கட்டாயம் வர வேண்டும், வயதுப்படி அவர் எந்த இடமோ அந்த இடத்தில். அப்பப்பாவின் நேவியும் பேரனின் பெயரும் ஒரே புத்தகத்தில் இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நின்று விளக்கம் சொல்ல வேண்டாம். விதி, காலத்தின் கோலம் என்றெல்லாம் கல்வெட்டு எழுதுகிறவர்களுக்குக் கை பழகிய சில சொற்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைக்கூட அந்த இடத்தில் போடாதீர்கள். அப்பப்பா அதற்குப் பிறகு கப்பல் கதை சொல்லவில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வாக்கியத்தைச் சித்தப்பாவிடம் காட்டி, போடலாமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். இந்தப் புத்தகத்தில் சித்தப்பாவின் சொல் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

படத்துக்கு வருகிறேன். நேவிப் படத்தை உள்ளே, இளமைக்காலம் சொல்கிற பக்கத்தில், சின்னதாகப் போடுங்கள். அடியில் "1950களில், விஜய கப்பலில் சேவையாற்றிய காலத்தில்" என்று மட்டும் போதும், படம் அந்தக் காலத்தது என்று நிச்சயமானால். வீரமைந்தன், கடலன்னை எல்லாம் வேண்டாம், கடலின் பெயரால் எங்கள் ஊரில் ஏற்கெனவே நிறையப் பேருக்கு அந்த மாதிரிப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். அட்டைக்கு, பசுவோடு நிற்கிற படம் ஏதாவது இருக்கும், மெனிக்பாமிலிருந்து வந்த பிறகு எடுத்தது. மாமி கோபிப்பார். 93 வருடத்தில் அப்பா 22 வருடம் நேவியில் நின்றார், ஐம்பது வருடத்துக்கு மேல் தோட்டக்காரராக இருந்தார் என்று கணக்கைச் சொல்லுங்கள். கனடாவில் இருக்கிறவர்கள் கணக்குக்குக் கட்டுப்படுவார்கள்.

இன்னும் ஒன்று. பண்பாளர், பாசமிகு தந்தை, ஊருக்கு உழைத்த உத்தமர் என்று தொடங்காதீர்கள். என்னிடம் ஒரு அலுமாரி நிறையக் கல்வெட்டுகள் இருக்கின்றன, எல்லோரும் அதே பண்பாளர்கள்தான், பெயரை மாற்றினால் ஒன்றுக்கொன்று பொருந்தும். என்ன சாப்பிடப் பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், சாறத்தை எப்படிக் கட்டுவார், மாட்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று எழுதுங்கள். அடித்த பிறகு ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் நினைவு மலர்களையும் கல்வெட்டுகளையும் இணையத்தில் ஏற்றிப் பாதுகாக்கிறார்கள். றோயல் சிலோன் நேவியில் நின்ற தமிழ்ப் பெடியன்களைப் பற்றி நாளைக்கு யாராவது தேடினால் இப்படியான புத்தகங்களில்தான் கிடைக்கும்.

இறந்த திதியைச் சொல்கிற திதி வெண்பா எழுத ஊரில் யாராவது ஆசிரியர் இருப்பார், அதை அவரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது குடும்ப வரிசையை. மருமக்கள், பூட்டப்பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் எல்லோருடைய பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் மாமியோடு வாட்ஸ்அப்பில் ஒருதரம், சித்தப்பாவோடு நேரில் ஒருதரம் சரிபார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். கல்வெட்டால் வீட்டுக்குள் சண்டை வருவது நேவியால் அல்ல, ஒரு மருமகனின் பெயர் விடுபட்டதால்தான்.